பக்கவிளைவு கிடையாது

கடையின் கீழ்த்தளத்தில், வாசலைத் தாண்டியதும் கண்ணில் படுகிற முகப்பூச்சு கவுண்ட்டரில் நிற்பவளை எல்லாரும் கண்ணாடி என்றுதான் கூப்பிடுவார்கள். சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கேட்டால் கூட வேலை பார்க்கிறவர்களே யாரது என்று விழிப்பார்கள். முகத்தில் ஒரு புள்ளி, ஒரு தழும்பு கிடையாது. பெயர் ஒட்டிக்கொள்ள அது போதாதா?

அவள் வேலையே அந்த முகம்தான். “வாங்க மேடம், உட்காருங்க” என்று வாடிக்கையாளர்களைக் கூப்பிட்டு, அவர்கள் எதிரே உயரமான முக்காலியில் உட்கார்ந்து, ஈரப் பஞ்சால் முகத்தைத் துடைத்துவிட்டு, ஒரு பாதியில் மட்டும் க்ரீமைப் பூசுவாள். மறு பாதியைச் சும்மா விட்டுவிட்டு, “ரெண்டு பக்கத்தையும் நீங்களே பார்த்துக்குங்க” என்பாள். உண்மையில் இரண்டு பக்கத்துக்கும் ஒரு வித்தியாசமும் இருக்காது. பூசின பக்கமும் பளபள, பூசாத பக்கமும் பளபள. ஆனால் வந்தவர்கள் டப்பாவை வாங்கிக்கொண்டுதான் போனார்கள். ஜனங்களுக்கு முகத்தைவிட டப்பாவின் மேல்தான் நம்பிக்கை அதிகம்.

அந்தப் பளபளப்பில் பாதி கர்ப்பத்தடை மாத்திரையின் உபயம் என்பது அவளுக்கே தெரியாது. கல்யாணமான புதிதில், இப்போதைக்குக் குழந்தை வேண்டாம் என்று ஆரம்பித்தது. வருஷக்கணக்கில் பல் தேய்ப்பது மாதிரி அதுவும் ஒரு பழக்கமாகிவிட்டது.

ஒரு நாள் வேலைக்கு நடுவே பார்வையின் ஓரத்தில் ரம்பப் பல் மாதிரி ஒரு வெளிச்சம் நெளிந்தது. விரல்கள் மரத்துப்போயின. அப்புறம் மண்டையைப் பிளக்கிற வலி. கணவனோடு போய்ப் பார்த்தபோது டாக்டரம்மா பூசி மெழுகாமல் சொன்னார்: “இந்த மாதிரி தலைவலி வர்றவங்க இந்த மாத்திரையைத் தொடவே கூடாது. மூளையில ரத்தம் கட்டிக்கும். இன்னியோட நிறுத்திடுங்க.” கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். “நிறுத்தினதும் முகத்துல பரு வரலாம். தானா அடங்க ஆறு மாசம், சில பேருக்கு அதுக்கு மேலயும் ஆகும். பயப்படாதீங்க.”

கணவன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். அவனுக்கு இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. “நைஞ்சு போன கயிறுன்னு தெரிஞ்சும் யாராவது லிஃப்ட்ல ஏறுவாங்களா?” என்று கேட்டான். அன்றைக்கே அவளும் நிறுத்தினாள்.

அவன் தன் தங்கையிடம் போகிற போக்கில் “மாத்திரையை நிறுத்தியாச்சு” என்று மட்டும் சொல்லி வைத்தான். ஏன் என்று சொல்லவில்லை. லிஃப்ட்காரர்களுக்கு வாய் குறைவு. கல்யாணமான ஒருத்தி மாத்திரையை நிறுத்திவிட்டாள் என்றால் எந்த நாத்தனார் என்ன நினைப்பாள்? இவளும் அதையேதான் நினைத்தாள். அத்தையாகப் போகிறோம் என்று தலைகால் புரியவில்லை அவளுக்கு.

பருக்கள் சொல்லி வைத்த மாதிரி வந்து சேர்ந்தன. நெற்றியில் சின்னதாக நாலு வந்தால் மறைத்துவிடலாம். இவை தாடையோரத்தில், தோலுக்கு அடியில் கோலி கோலியாக வந்தன. தலையணையில் கன்னத்தை வைக்க முடியவில்லை. மேல்பூச்சைக் கனமாக அப்பிக்கொண்டு சில நாள் ஓட்டினாள். ஆனால் அவள் வேலையே ஊர் பார்க்கத் துடைத்துக் காட்டுவதல்லவா! ஒரு நாள் துடைத்ததும் முன்னால் உட்கார்ந்திருந்த பெண், “ஐயோ, இதைப் போட்டா இப்படி ஆகுமா?” என்று டப்பாவைக் கீழே வைத்துவிட்டுப் போனாள்.

தள மேலாளர் அன்று சாயங்காலமே கூப்பிட்டாள். “கொஞ்ச நாள் உள்ளே பெட்டி கட்டு. கோவிச்சுக்காதே.”

சரக்கு அறையில் ஜன்னல் கிடையாது. அட்டைப் பெட்டிக்குப் பசை நாடா ஒட்டியபடி, வெளியே தன் முக்காலியில் புதுப் பெண் ஒருத்தி, “ரெண்டு பக்கத்தையும் நீங்களே பார்த்துக்குங்க” என்று தன்னுடைய வசனத்தையே சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆத்திரத்தில் பாதி அந்தப் பெண் மேல், மீதி தன் தாடை மேல்.

வைத்தியத்தை நாத்தனார் கையில் எடுத்துக்கொண்டாள். அவளுக்குச் செடிகள் வளர்த்து விற்கிற நாற்றுப் பண்ணையில் வேலை. காய்ந்த குச்சியை நட்டாலும் துளிர்க்கும் என்று அவள் கைராசியைப் பற்றி அங்கே பேச்சு. அதை முதலில் கிளப்பிவிட்டவளும் அவள்தான். நகக்கண்ணில் மண்ணோடு வந்து சோற்றுக்கற்றாழை மடலைக் கீறி, சோற்றை வழித்து, கழுவிக் கழுவிப் பூசினாள். சர்க்கரையை நிறுத்தினாள். பாலை நிறுத்தினாள். தலையணை உறையைத் தினமும் மாற்ற வைத்தாள். கை தாடைப் பக்கம் போனால் பட்டென்று ஒரு அடி.

“கிள்ளாதீங்க அண்ணி! செடியை நட்டுட்டு வேர் விட்டுச்சான்னு தினமும் பிடுங்கியா பார்ப்பாங்க?”

“உனக்கென்னடி, உன் செடி மூஞ்சியைப் பார்த்து யாரும் முகம் சுளிக்க மாட்டாங்க.”

“சரியாப் போயிடும் அண்ணி. பொறுமையா இருங்க. எல்லாம் நல்லதுக்குத்தான்.” சொல்லிவிட்டு அண்ணியின் வயிற்றை ஓரக்கண்ணால் பார்த்துச் சிரிப்பாள். கண்ணாடிக்கு அந்தச் சிரிப்பு புரியாமல் இல்லை. ஒரு வார்த்தை சொல்லித் தெளிய வைத்திருக்கலாம். சொன்னால் இந்தக் கவனிப்பு குறைந்துவிடுமோ என்று வாயை மூடிக்கொண்டாள்.

பருக்கள் குறையத்தான் செய்தன. ஆனால் ஆமை வேகத்தில். அந்த நேரம் பார்த்து மேலாளர் சரக்கு அறைக்கு வந்து நின்றாள். “அடுத்த சீசனுக்கு இயற்கைப் பொருள் வரிசை ஒண்ணு இறங்குது. பெரிய விழா, மேடை எல்லாம் உண்டு. உன் மூஞ்சி சரியாயிடுச்சுன்னா நீதான். இல்லேன்னா அந்தப் புதுப் பொண்ணு இருக்கா. அப்புறம் உனக்கு நிரந்தரமா இங்கேதான்.”

மறுநாள், தன்னை யாருக்கும் தெரியாத ஒரு மருந்துக்கடையைத் தேடிப்பிடித்து, அவள் பழைய மாத்திரையையே வாங்கினாள்.

டாக்டரம்மா சொன்னதை அவள் மறந்துவிடவில்லை. முதல் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றாள். விழா முடிகிற வரைக்கும்தானே என்று சொல்லி விழுங்கினாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் விழித்ததும் முதலில் விரல்களை மடக்கிப் பார்ப்பாள். மரத்திருக்கிறதா? இல்லை. அடுத்தபடி கண்ணாடியில் தாடையைப் பார்ப்பாள். வாரங்கள் போகப் போகக் கோலிகள் அமுங்கின. சிவப்பு மங்கியது. பயம் ஒரு பக்கம் குடைந்தாலும் சந்தோஷம்தான் மேலே நின்றது. அவளைக் குறை சொல்வது சுலபம். ஜன்னல் இல்லாத அறையில் பெட்டி கட்டிப் பார்த்தவர்கள் சொல்லட்டும்.

நாத்தனாருக்கோ கால் தரையில் பாவவில்லை. “பார்த்தீங்களா என் கைராசியை!” என்று அண்ணியின் தாடையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். பண்ணைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிக் கற்றாழைத் தொட்டிகளை விற்றுத் தீர்த்தாள். அவள் மகிழ்ந்து பேசும்போதெல்லாம் கண்ணாடி பேச்சை மாற்றுவாள்.

விழாவன்று கீழ்த்தளம் முழுக்க நாற்காலி போட்டிருந்தார்கள். மேடையில் முக்காலி, எதிரே ஆளுயரக் கண்ணாடி, கையில் மைக். முதல் வரிசையில் நாத்தனார், நகத்தையெல்லாம் சுத்தமாக வெட்டிக்கொண்டு. கணவனுக்கு எங்கேயோ ஒரு லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டதால் வர முடியவில்லை. மேலாளர் எழுதிக் கொடுத்த வசனத்தை அவள் பத்து நாளாகத் தூக்கத்தில்கூட உருப்போட்டிருந்தாள்.

“முழுக்க முழுக்க இயற்கை. பக்கவிளைவு கிடையாது. நானே பயன்படுத்திப் பார்த்துச் சொல்றேன்.”

கைதட்டல். முகத்தைத் துடைத்தாள். தாடை பளிச்சென்று இருந்தது. இடது பாதியில் க்ரீமைப் பூசி முடித்துவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தாள்.

அதன் வலது ஓரத்தில் ரம்பப் பல் வெளிச்சம் நெளிந்தது.

விளக்கு கூசுகிறது என்று கண்ணைக் கொட்டினாள். வெளிச்சம் பரவியது. அது நகர்ந்த இடமெல்லாம் அழிந்துகொண்டே வந்தது. பூசாத பாதி முகத்தைக் காணவில்லை. ஒரு கண், பாதி மூக்கு, பாதி வாய், அவ்வளவுதான் எதிரே தெரிந்தது. வலது கையிலிருந்த பஞ்சு தானாக நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தாள். கை வரவில்லை.

கூட்டம் அதையும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக் காத்திருந்தது. யாரோ சிரிக்கக்கூடச் செய்தார்கள். மேலாளர் ஓரத்திலிருந்து, “பேசு, பேசு” என்று பல்லைக் கடித்தாள். நாத்தனார் மட்டும் எழுந்து மேடைக்கு ஓடி வந்தாள்.

“அண்ணி, வாய் ஒரு பக்கமா இழுக்குது. அண்ணி!”

ஆம்புலன்ஸ் வந்து, ஏற்றி, கதவைச் சாத்தியதும் உள்ளே இருந்த ஊழியர் அவசரமாகக் கேட்டார். “எப்ப ஆரம்பிச்சுது? சர்க்கரை, ரத்த அழுத்தம் இருக்கா? மாத்திரை மருந்து ஏதாவது சாப்பிடறாங்களா?”

“ஒண்ணுமே இல்ல சார்” என்றாள் நாத்தனார். “ஒரு மாத்திரைகூடக் கிடையாது. எல்லாமே இயற்கைதான். நானே பக்கத்துல இருந்து பார்க்கறேன்.”

கண்ணாடிக்கு ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. இல்லை என்று கத்த வேண்டும் போலிருந்தது. மாத்திரை, மாத்திரை, மாத்திரை. அந்தச் சொல் மனசுக்குள் தயாராக நின்றது. வாயைத் திறந்தாள்.

“முழுக்க முழுக்க இயற்கை” என்றது அவள் நாக்கு, குழறிக் குழறி. “பக்கவிளைவு கிடையாது.”

மறுபடி முயன்றாள். திரும்பவும் அதே வசனம். உருப்போட்டது மட்டும்தான் நாக்கில் மிஞ்சியிருந்தது. ஊழியர் தலையாட்டிக்கொண்டு, மாத்திரை எதுவும் இல்லையாம் என்று ஆஸ்பத்திரிக்குப் போனில் சொல்லத் தொடங்கினார்.

அவள் இடது கையால் நாத்தனாரின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். பிறகு அந்தக் கையைத் தன் அடிவயிற்றின் மேல் வைத்தாள்.

நாத்தனாரின் கண்கள் விரிந்தன. “அண்ணி! மாசமா இருக்கீங்களா?” அந்த நிலைமையிலும் அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்துவிட்டது. “சார், இவங்க மாசமா...”

கண்ணாடி தலையைப் பலமாக ஆட்டினாள். இல்லை, இல்லை. வயிற்றின் மேலிருந்த கையைத் தள்ளிவிட்டாள். தன் கட்டைவிரலை நாத்தனாரின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். எடுத்து, பக்கத்தில் அழுத்தினாள். மறுபடி அதற்குப் பக்கத்தில், வரிசையாக. கடைசியில் விரலை வாய்க்குக் கொண்டுபோய் விழுங்கிக் காட்டினாள்.

நாத்தனார் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். அண்ணியின் வயிற்றைப் பார்த்தாள். பூச்சும் கண்ணீரும் சேர்ந்து வழிகிற முகத்தைப் பார்த்தாள். சந்தோஷம் வந்த வேகத்திலேயே வடிந்து போனது.

“நீ நிறுத்தலையா?” என்றாள். கல்யாணமான நாளிலிருந்து ஒரு தடவைகூட அவள் அண்ணியை நீ என்று சொன்னதில்லை.

கண்ணாடி கண்களை மூடித் திறந்தாள்.

“சார், போனை வைக்காதீங்க!” நாத்தனார் ஊழியரின் சட்டையைப் பிடித்தாள். “மாத்திரை சாப்பிடறாங்க. கர்ப்பத்தடை மாத்திரை. எனக்குத் தெரியாம தப்பாச் சொல்லிட்டேன். நல்லா சத்தமாச் சொல்லுங்க அவங்ககிட்ட.”

ஊழியர் சொன்னார். மறுமுனையில் ஏதோ கேட்டார்கள். முன்னாலேயே இப்படித் தலைவலி, கண்ணில் வெளிச்சம் வந்ததுண்டா என்று அவர் திரும்பிக் கேட்டபோது கண்ணாடி அதற்கும் கண்ணை மூடித் திறந்தாள். ஊழியர் முகம் மாறியது. ஓட்டுநரை இன்னும் வேகமாகப் போகச் சொன்னார். நாத்தனாருக்கு அப்போதுதான் முழுசாக விளங்கியது, அண்ணி முதலில் ஏன் நிறுத்தினாள், பரு ஏன் வந்தது, எதற்காக மறுபடி ஆரம்பித்தாள் என்று.

“இந்த மூஞ்சிக்காகவா?” என்றாள். குரல் உடைந்தது. “ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? ஊர் பூரா என் கைராசின்னு சொல்லிட்டுத் திரிஞ்சேனே! இரு, வீட்டுக்கு வந்ததும் உன்னை உட்கார வெச்சுத் திட்டறேன். அதுவரைக்கும் கண்ணை மூடக் கூடாது. கேட்குதா?”

கண்ணாடி “சரி” என்று சொல்லப் பார்த்தாள். “வாங்க மேடம், உட்காருங்க” என்றுதான் வந்தது.

நாத்தனார் அவள் கையை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். “உட்கார்ந்துதான் இருக்கேன் அண்ணி” என்றாள். “இங்கேயேதான் இருக்கேன்.”