ஒரே அட்டையில் இரண்டு பெயர்

"அவர் உங்களைக் கேக்கறார்னு ஒரு பேச்சுக்கு வெச்சுக்குவோம். நீங்க என்ன பதில் சொல்லுவீங்க?" என்றாள் டோலரஸ் கின்டானா.

"அவர் வந்து கேக்கட்டும். அப்புறம் சொல்றேன்" என்றாள் நோரா டல்பெர்க்.

"நீங்க சரிம்பீங்கன்னு உறுதியானாதான் அவர் வந்து கேப்பார்."

"அவர் வந்து கேட்டாதான் எனக்கே உறுதியாகும். போய் அதைச் சொல்லுங்க."

டோலரஸ் கட்சியின் தலைவி. செயின்ட் லூயிஸில் மாநாடு தொடங்கியதிலிருந்து ஓட்டலின் இந்த மாடிக்கும் மேல் மாடிக்கும் அலைந்து அலைந்து அவளுக்குக் கால் வீங்கியிருந்தது. துணை ஜனாதிபதியாக என்னோடு நிற்கிறாயா என்று யாரும் யாரையும் நேராகக் கேட்டுவிடுவது கட்சியில் வழக்கமில்லை. மறுத்துவிட்டால் கேட்டவனுக்கு மூக்கு அறுபட்டுப் போகும். அதனால் கல்யாணத் தரகரைப் போல ஓர் ஆள் நடுவில் நின்று, கேட்காததைக் கேட்டதாகவும் சொல்லாததைச் சொன்னதாகவும் பேசி முடிக்க வேண்டும். அப்புறம்தான் பெரிய மனிதர் போனை எடுப்பார், ஏதோ அந்த நிமிஷம்தான் யோசனை வந்தது போல.

மேல் மாடியில் இருந்த பெரிய மனிதர் ஜார்ஜியா ஆளுநர் கிளேட் ப்ரூவர். கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் யார் என்று முடிவு செய்ய, பனிக்காலம் தொடங்கி ஜூன் வரை மாநிலம் மாநிலமாக நடந்த உட்கட்சித் தேர்தலில் ப்ரூவர் ஜெயித்தான். மின்னசோட்டா செனட்டர் நோரா மயிரிழையில் தோற்றாள். மாநாட்டுக்கு வந்திருந்த பிரதிநிதிகளில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் அவள் ஆட்கள். முதல் நாள் ப்ரூவரின் பெயரைச் சொன்னபோதெல்லாம் அவர்கள் கூச்சல் போட்டு மண்டபத்தை இரண்டாக்கினார்கள். நாடே அதை டிவியில் பார்த்தது. டோலரஸின் கால் வீங்கத் தொடங்கியது அன்றுதான்.

"விவாதத்துல நான் அவரைப் பத்தி என்ன சொன்னேன்? ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள் நோரா.

"யாருக்கு மறக்கும்? 'இந்த மனுஷனை நம்பி என் நாயைக்கூட ஒரு வாரம் விட்டுட்டுப் போகமாட்டேன்'னீங்க."

"நாயையே விடாதவ நாட்டை மட்டும் எப்படி விடச் சொல்லுவேன்? இன்னிக்கு அவர் பக்கத்துல போய் ஈன்னு நின்னா, அன்னிக்குப் பொய் சொன்னியா, இன்னிக்குப் பொய் சொல்றியான்னு கேக்க மாட்டாங்களா?"

"கேப்பாங்க. ஒரு வாரம் கேப்பாங்க, அப்புறம் மறந்துடுவாங்க. நீங்க நிக்கலேன்னா நாலு வருஷம் நாமதான் அழணும். எதிர்க்கட்சிக்காரன் ஜெயிச்சு வந்தா முதல்ல எதுல கை வைப்பான்? நடமாட முடியாதவங்களுக்கு அரசாங்கம் குடுக்கற பணத்துல. லென் இருந்த மாதிரி இல்லங்கள்ல. உங்களுக்கு நான் சொல்லணுமா?"

லென் பெயரை எடுத்திருக்கக் கூடாது. சொன்ன உடனே டோலரஸுக்கே அது தெரிந்துவிட்டது.

லென் நோராவின் கணவன். கைகால் நடுக்கம் முற்றி, கடைசிக் காலத்தில் டுலூத்தில் ஏரியைப் பார்த்த ஓர் இல்லத்தில் இருந்தான். ஜன்னலோரம் உட்கார்ந்து இரும்புத்தாது ஏற்றிப் போகும் கப்பல்களைப் பார்ப்பதுதான் அவனுக்குப் பொழுது. யாரோ ஒருத்தன் வெளியிலிருந்து அவனைப் படம் பிடித்தான். தலை சரிந்திருந்தது, வாயோரம் எச்சில் வழிந்தது. அந்தப் படம் ப்ரூவரின் விளம்பரமாக டிவியில் வந்தது. "கட்டின புருஷனைப் பார்த்துக்க நேரமில்லாதவங்க நாட்டைப் பார்த்துக்குவாங்களாம்" என்றது ஒரு பெண் குரல். டிவியில் வரும் இப்படிப்பட்ட விளம்பரங்களின் முடிவில் வேட்பாளரே சொந்தக் குரலில் பொறுப்பேற்க வேண்டும் என்பது சட்டம். எனவே கடைசியில் ப்ரூவரின் குரல் தேன் தடவிக்கொண்டு வந்தது: "நான் கிளேட் ப்ரூவர். இந்த விளம்பரத்துக்கு நான் ஒப்புதல் தர்றேன்."

லென் அதை மற்றவர்களோடு உட்கார்ந்து பார்த்தான். "படம் எடுக்கறாங்கன்னு தெரிஞ்சிருந்தா தலையாவது வாரியிருப்பேன்" என்று போனில் நோராவிடம் சொல்லிச் சிரித்தான். அன்று மாலையே ஜன்னல் திரையை இழுத்துவிடச் சொன்னான். மே மாதம் சாகும் வரை அதைத் திறக்க விடவில்லை.

நோரா கதவைக் காட்டி அவளை வெளியே போகச் சொல்ல வாயெடுத்தாள். ஆனால் டோலரஸ் சொன்னதும் பொய்யில்லை. அந்த இல்லத்தில் இன்னும் எத்தனையோ பேர் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"சரி, கேட்டுக்குங்க" என்றாள். "அவர் நேர்ல வரணும். 'நான்தான் செஞ்சேன், செஞ்சது தப்பு'ன்னு என் முகத்தைப் பார்த்துச் சொல்லணும். சொன்னா பல்லைக் கடிச்சுக்கிட்டாவது அவரோட நிக்கறேன்."

டோலரஸின் முகம் மலர்ந்தது. வீங்கிய காலோடு கிட்டத்தட்ட ஓடினாள். தரகர்களுக்குப் பாதிக் காதுதான். நிற்கிறேன் என்றது விழுந்தது, அதற்கு முன்னால் சொன்னதெல்லாம் லிப்டிலேயே தங்கிவிட்டது.

மாநிலங்களைப் பெயர் சொல்லி அழைத்து ஓட்டு எண்ணுவதற்குச் சற்று முன்பு நோரா மண்டபத்துக்குள் வந்தாள். மின்னசோட்டாக்காரர்களின் தலைவி ஆர்லீன் மாக்கி, சுரங்க ஊர்ப் பெண்மணி, தொப்பியில் ஒரு துணிப் பறவையோடும் கையில் மாநிலப் பெயர் எழுதிய உயரமான கம்போடும் நின்றாள். அவள் முகம் கடுகடுவென்று இருந்தது.

"நாற்காலிக்கு அடியில குனிஞ்சு பாருங்க, செனட்டர்."

ஒவ்வொரு நாற்காலிக்கு அடியிலும் கட்டுக் கட்டாக அட்டைகள். மேல்பாதியில் கொட்டை எழுத்தில் ப்ரூவர், கீழ்ப்பாதியில் டல்பெர்க்.

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லாமயே சரின்னுட்டீங்களா?"

"இல்ல ஆர்லீன். என்னை இன்னும் யாரும் கேக்கவே இல்ல."

"அடப்பாவிங்களா! கல்யாணத்துக்கு முன்னாடியே தொட்டில் வாங்கிட்டானுங்க." ஆர்லீன் கம்பைத் தரையில் இடித்தாள். "சொல்லிட்டேன். மேடையில ஏறி அவனோட கையைக் கோத்துத் தூக்குனீங்கன்னா, இந்தக் கம்பு அவன் மண்டையிலதான் இறங்கும்."

ஜோடியாக நிற்கிறவர்கள் கையைக் கோத்து உயரத் தூக்க வேண்டும். அந்தப் படம் வந்தால்தான் கட்சி ஒன்றானதாகக் கணக்கு.

அதற்குள் டோலரஸ் வந்து கூப்பிட்டாள். மேடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் ப்ரூவர் காத்திருந்தான். புதினா மிட்டாய் வாசனை.

"நோரா! கடைசில ஒரே பக்கம் வந்துட்டோம் பாருங்க. அட்டை பார்த்தீங்களா? பசங்க கொஞ்சம் அவசரப்பட்டுட்டாங்க."

"பார்த்தேன். உங்க பேரு தெருக்கோடியில இருந்தே தெரியுது. என் பேரைப் படிக்கத்தான் கண்ணாடி போட வேண்டியிருக்கு."

அவன் சத்தமாகச் சிரித்தான். "சரி, முறையாவே கேக்கறேன். என்னோட நிப்பீங்களா?"

"டோலரஸ் உங்ககிட்ட ஒண்ணு சொல்லியிருக்கணுமே."

ப்ரூவர் டோலரஸைப் பார்த்தான். டோலரஸ் தன் காலைப் பார்த்தாள்.

"லென் விஷயம்" என்றாள் நோரா.

ப்ரூவர் உடனே துக்க வீட்டு முகம் ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டான். "கேட்டப்போ மனசு ரொம்பக் கஷ்டமாயிடுச்சு, நோரா. அது ஆளுங்க பண்ணின வேலை. சத்தியமா அந்த விளம்பரத்தை நான் பார்க்கவே இல்ல."

"பார்க்கல?"

"பார்க்கல."

"அப்போ கடைசில பேசினது யாரு?"

"அதெல்லாம் ஒரு நாள் உக்காந்து மொத்தமாப் பேசிப் பதிவு பண்ணிக் குடுத்துடறதுதானே? அவங்க எதுல ஒட்டறாங்கன்னு எவன் பார்த்துக்கிட்டிருக்கான்? நீங்களும் அப்படித்தானே?"

"இல்ல. நான் ஒவ்வொண்ணையும் பார்த்துட்டுத்தான் சொன்னேன். உங்களைத் திட்டினது அத்தனையும் தெரிஞ்சே திட்டினது."

துக்க முகம் கழன்று விழுந்தது. "இங்க பாருங்க, செத்துப்போனவரை வெச்சு என்கிட்ட பேரம் பேசாதீங்க. உங்க இடத்தைப் பிடிக்க வெளிய வரிசையில நிக்கறாங்க. நவம்பர் தேர்தல்ல தோத்தோம்னா பழி மட்டும் உங்க தலையில விழும், பார்த்துக்குங்க."

ஓர் உறையில் இரண்டு கத்தி இருக்காது என்பது நோராவுக்குத் தெரியாதது அல்ல. அதையும் தாங்கிக்கொள்ளத்தான் வந்திருந்தாள். ஆனால் இவன் செய்ததைச் செய்தேன் என்று சொல்லக்கூட வக்கில்லாதவன். இவனோடு நின்றால் நாளையிலிருந்து இவன் பார்க்காமல் சொல்வதற்கெல்லாம் அவள் ஒப்புதல் தந்துகொண்டிருக்க வேண்டும்.

"ஆளுநரே, என் ஓட்டு உங்களுக்கு உண்டு. சும்மாவே தர்றேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

சும்மா என்பதை அவன் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான். எதையும் விலையில்லாமல் வாங்கிப் பழகாதவனுக்கு வேறு எப்படிப் புரியும்?

"மின்னசோட்டா!" என்று மேடையிலிருந்து அழைத்தார்கள். ஆர்லீன் ஒலிவாங்கியை நோராவிடம் நீட்டினாள். மண்டபம் அடங்கியது.

"பத்தாயிரம் ஏரிகளோட மாநிலத்துல இருந்து பேசறேன். எனக்காக வந்தவங்க எல்லாரையும் எனக்கு ஓட்டுப் போடற கட்டாயத்துல இருந்து இப்போ விடுவிக்கறேன். எண்ணறதை இத்தோட நிறுத்திட்டு, ஆளுநர் ப்ரூவரை ஒருமனதா நம்ம வேட்பாளரா அறிவிக்கணும்னு முன்மொழியறேன். நவம்பர்ல என் ஓட்டு அவருக்குத்தான். உங்க ஓட்டும் அவருக்கே போகணும். இல்லேன்னா நாளைக்கு நம்ம வீட்டு நோயாளிங்க தெருவுக்கு வந்துடுவாங்க."

கூரை பெயர்ந்துவிடும் போல ஆரவாரம். ப்ரூவர் மேடையில் தோன்றி, படிக்கட்டின் விளிம்புவரை வந்து, அவளைத் தூக்கிவிடுவது போலக் கையை நீட்டினான். நாற்காலிகளுக்கு அடியிலிருந்து அட்டைகள் மேலே எழுந்தன.

நோரா ஒலிவாங்கியைத் தரவில்லை.

"ஒரு விஷயம். உங்க கையில இருக்கற அட்டையில என் பேரு தப்பா விழுந்திருக்கு. அவரோட நான் நிக்கப் போறதில்ல. கீழ்ப்பாதியை மடிச்சுக்குங்க." மூச்சு வாங்கிக்கொண்டாள். "நான் நோரா டல்பெர்க். இப்போ சொன்னதுக்கு நான் ஒப்புதல் தர்றேன். பார்த்துட்டுத்தான் தர்றேன்."

எங்கோ ஒருவர் குபீரென்று சிரித்தார். பிறகு நோராவின் ஆட்கள் இருந்த பக்கம் முழுவதும் சிரித்தது, கைதட்டியது, சிலர் அழவும் செய்தார்கள். மேடையில் டோலரஸ் ஒரு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

ஆர்லீன் கம்பை நோராவிடம் கொடுத்துவிட்டு, தன் அட்டையை முழங்காலில் வைத்து மடக்கென்று மடித்தாள். அவளைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர்களும் மடித்தார்கள். நோரா கம்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. தோற்றால் பழி தன் தலையில்தான் என்பது தெரியும். ஆனாலும் மே மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக, லென்னை நினைத்தபோது அவளுக்குக் கூசவில்லை.

ப்ரூவர் நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் கூட்டத்தைப் பார்த்து ஆட்டினான்.