கயிறு கட்டிய வயல்

மண்டியில் உருளைக்கிழங்கு மூட்டையை எடைபோட்ட கையோடு விலையில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்வார்கள். கிழங்கு விளம்பரத்துக்கும் ஆராய்ச்சிக்கும் என்று சட்டமே போட்டிருக்கிறார்கள். வருஷா வருஷம் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டேதான் கொடுத்தேன். இந்த முறை செடியெல்லாம் கருகி, மண்ணுக்குள் கிழங்கு அழுகியபோது மச்சினன் உசுப்பிவிட்டான்.

"உங்க காசுல சம்பளம் வாங்குறவங்கதானே மாமா, வரச் சொல்லுங்க."

நானும் கிழங்கு ஆராய்ச்சி நிலையத்துக்குப் போன் போட்டுத் தொலைத்தேன்.

ஆராய்ச்சிக்காரர் வந்தார். அழுகிய கிழங்கை, முதல் பேரப்பிள்ளையைக் கையில் வாங்கியவர் மாதிரி பூரிப்போடு பார்த்தார்.

"இது புது நோய் சார்! இத்தனை நாளா எங்களுக்குக் கிடைக்கவே இல்ல."

"சரி, மருந்து?"

"முதல்ல ஆராயணும். அதுவரைக்கும் செடியைப் பிடுங்காதீங்க, உழாதீங்க. சட்டப்படி இனி இந்த வயல் எங்க பொறுப்பு."

சுற்றிலும் கயிறு கட்டினார். 'விவசாயிகளின் பங்களிப்பில் நடக்கும் ஆய்வு. உள்ளே வரக்கூடாது' என்று வரப்பில் ஒரு பலகையையும் நட்டார். என் வயலுக்கு வெளியே நின்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். அவர் பொறுமையாகத் தலையாட்டினார்.

என் மனைவி கத்தவில்லை. "எப்ப முடிப்பீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"கையில இருந்த நிதி தீர்ந்துபோச்சும்மா. அடுத்த நிதி வந்ததும் ஆரம்பிச்சிடுவோம்."

"அது எப்ப வரும்?"

அவர் கையில் ஒட்டிய மண்ணைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார்.

"நீங்க கிழங்கு வித்ததும் வந்துடும்மா."