கண்ணாயிரம் லாட்ஜ்

ஆம்புலன்ஸ் மலையிலிருந்து அமிர்திக் காட்டு ரோட்டில் ஆஸ்பத்திரிக்கு இறங்கிக்கொண்டிருந்தபோது, புவனா பிடித்திருந்த அப்பாவின் கை கனத்துப்போனது. கூட வந்த நர்ஸ் இமையை விலக்கிப் பார்த்தாள். முகத்திலிருந்த ஆக்சிஜன் மாஸ்க்கை எடுத்துவிட்டு டிரைவர் பக்கத்துக் கண்ணாடியைத் தட்டினாள். வண்டி ஓரமாக நின்றது.

எதிரே உட்கார்ந்திருந்த அம்மா காந்தா அழவில்லை. அப்பாவின் சட்டையில் கழன்றிருந்த பொத்தானைப் போட்டுவிட்டாள்.

முன்சீட்டில் இருந்த சித்தப்பா மணிவேல் இறங்கி வந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். கொஞ்சம் தேறியதும், நேராகக் கண்ணமங்கலத்துக்கே கொண்டுபோய்விடலாம் என்றார். சொந்த வீடும் பங்காளிகளும் அங்கேதான். பந்தலுக்குச் சொல்ல போனை எடுத்தார்.

"வண்டிய திருப்பச் சொல்லு" என்றாள் அம்மா.

"எங்கம்மா?" என்றாள் புவனா.

"மேல. லாட்ஜுக்கு."

புவனாவால் நம்ப முடியவில்லை. ஜமுனாமரத்தூரில் வௌவால் அடைந்து, சுவரில் ஆலங்கன்று முளைத்துப் பூட்டிக் கிடந்த லாட்ஜை, கலசப்பாக்கத்து நிலத்தை விற்று அப்பா வாங்கியபோது, அதிகம் சண்டை போட்டவள் அம்மாதான். இரண்டு வருஷம் அந்தப் பக்கமே வரவில்லை. அப்பா தனியாக ஓட்டை அடைத்து, சுண்ணாம்பு பூசி, தானே பொங்கித் தின்று கிடந்தார். முதல் கூட்டம் வந்து தங்கியபோது, ஆக்கிப்போட ஆள் இல்லையென்று பஸ் ஏறிப் போனவள், பிறகு மலையை விட்டு இறங்கவேயில்லை.

"அண்ணி, அங்க யாரு கீறாங்க நமக்கு?" என்றார் சித்தப்பா.

"அவரு இருந்தது அங்கதான்."

வண்டி திரும்பியது.

மதியத்துக்குள் லாட்ஜின் கூடம் நிறைந்துவிட்டது. கடைக்காரர்களும், கூரைக்கு ஓடு சுமந்த மலைக்காரர்களும் வந்து நின்றார்கள். தங்கியிருந்த புதுமணத் தம்பதி, பையை வாசலில் வைத்துவிட்டு வந்து அப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டுப் போனார்கள். கண்ணமங்கலத்துச் சனம் வேன் பிடித்து ஏறி வந்தது.

ஆம்பிளைகள் சுடுகாட்டிலிருந்து திரும்பியதும் சித்தப்பா புவனாவைத் தனியே அழைத்தார். காரியம் முடிந்ததும் லாட்ஜைப் பூட்டிவிடலாம், அண்ணி எங்களோடு வந்து இருக்கட்டும் என்றார். புவனாவுக்கும் அதுதான் சரியென்று பட்டது. இந்தக் குளிரில், இத்தனை அறைகளுக்கு நடுவே அம்மா தனியாக எப்படி இருப்பாள்? புவனா போய்ச் சொன்னபோது அம்மா கூடத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

இருட்டும் நேரத்தில் ஒரு கார் வாசலில் வந்து நின்றது. பின்சீட்டில் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஓட்டி வந்தவர் தலையை நீட்டி ரூம் இருக்குமா என்று கேட்டார். லாட்ஜை மூடப்போகிறோம் என்று சொல்ல புவனா படியிறங்கினாள். அதற்குள் அம்மா அவளைத் தாண்டிப் போயிருந்தாள்.

"இன்னிக்கி இல்லீங்க. எழவு வூடு. காரியம் முடிஞ்சப்புறம் வாங்க, ரூம் இருக்கும்."

அவர் பதறிப்போய், தெரியாமல் கேட்டுவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டு வண்டியைப் பின்னால் எடுத்தார். ஒரு பக்கம் பள்ளம். பனி இறங்கியிருந்தது. அம்மா ரோட்டில் போய் நின்று, நனைந்த கையை ஆட்டி ஆட்டிக் காட்டினாள்.

"வரலாம்... வரலாம்... இன்னுங் கொஞ்சம் வரலாம்."