சூடு பட்ட மேஜை

மேஜையைத் தானே தேய்க்கப் போவதாக மாப்பிள்ளை சொன்னதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருபது வருடமாக ஆபீசில் பேனா பிடித்த கை அது. ஆணி அடிக்கச் சொன்னால் ஆணியை விட்டுவிட்டுத் தன் விரலை அடித்துக்கொள்ளும் ரகம். ஆனால் அவர் மனைவி, என் தங்கை, இறந்து மூன்று மாதம்தான் ஆகிறது. அவரிடம் என்னத்தைச் சொல்வது என்று வாயை மூடிக்கொண்டேன்.

அந்தச் சாப்பாட்டு மேஜை, தங்கை கல்யாணத்துக்கு நான் செய்து கொடுத்தது. பலகைக்கு மேல் ஒட்டியிருப்பது தேக்கு வெனீர், நகத்தை விட மெல்லிசான மர ஏடு. அதன் நடுவில் தட்டு அகலத்துக்கு வட்டமாக ஒரு கருப்பு. கொதிக்கிற குக்கரை அடியில் எதுவும் போடாமல் வைத்த அடையாளம். ஆறு வருடத்துக்கு முன்னால் அதைப் பார்த்த அன்றைக்கு, ஒரு துணியை மடித்துப் போடக்கூடவா கை வரவில்லை என்று தங்கையை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு இரண்டு மாதம் அந்த வீட்டு வாசலை நான் மிதிக்கவில்லை.

இப்போது அந்தக் கறை போயே ஆக வேண்டும் என்று மேஜையை வண்டியில் ஏற்றி என் தச்சுப் பட்டறைக்குக் கொண்டுவந்துவிட்டார். ஆள் போன கையோடு அவள் அடையாளத்தையும் துடைத்துவிடப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

இருந்தாலும் நான் செய்த மேஜையல்லவா, சொல்லிக் கொடுத்தேன். மரம் தேய்க்கிற சாண்டர் மெஷினின் அடியில் உப்புத்தாள் ஒட்டிய வட்டத் தட்டு இருக்கிறது. மோட்டார் அதைப் பொடிப்பொடி வட்டமாக ஆட்டும். அந்த ஆட்டத்தில் தட்டு தானாகவே சுழலவும் செய்யும். இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு கோடு விழுந்த இடத்தில் மறு கோடு விழாது, மரம் வழவழவென்று வரும். நாம் அழுத்தினால் சுழல்வது நின்றுவிடும். ஆட்டம் மட்டும் மிஞ்சி, ஒரே இடத்தைச் சுருள்சுருளாகக் கீறும்.

தட்டின் விளிம்பில் பேனாவால் ஒரு கோடு போட்டுக் காட்டினேன். "இந்தக் கோடு கண்ணுக்குத் தெரிஞ்சா தட்டு சுத்துறது நின்னுடுச்சுன்னு அர்த்தம், மாப்ள. கையை மேல வச்சா மட்டும் போதும். மெஷினோட கனமே தேய்ச்சுக்கும்."

தலையை ஆட்டினார். மற்ற இடமெல்லாம் நன்றாகவே தேய்த்தார், எனக்கே ஆச்சரியம். கறைக்கு வந்ததும் தோள் இறங்கியது. மெஷின் சத்தம் கம்மியது. பேனாக் கோடு பளிச்சென்று தெரிந்தது. அழுத்த வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. இரண்டு கையாலும், உடம்பின் மொத்த பாரத்தையும் போட்டு அழுத்தினார். கறை அரைவாசிகூட வெளுக்கவில்லை. அதற்குள் ஓரத்தில் தேக்கு தீர்ந்து, அடிப்பலகை காசளவு வெள்ளையாகப் பல்லைக் காட்டியது.

ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினேன். இனி அந்த மேஜையை யாராலும் சரிசெய்ய முடியாது. அவள் மேல் அப்படி என்ன வெறுப்பு என்று கேட்டே விட்டேன்.

அவர் மெஷினைப் பார்த்துக்கொண்டே பேசினார். "குக்கரை வச்சது அவ இல்ல மச்சான். நான்."

பிறகு ஏன் அன்றைக்குச் சொல்லவில்லை என்றேன்.

"நான் சொல்றேன்னுதான் சொன்னேன். அவதான் விடல. 'உங்களைன்னா அண்ணன் வாயைத் திறந்து திட்ட மாட்டாரு, மனசுலயே வச்சுக்குவாரு, அது என்னைக்கும் போகாது. என்னைன்னா கத்தித் தீர்த்துட்டு ரெண்டே மாசத்துல வந்துடுவாரு'ன்னா. நானும் பேசாம இருந்துட்டேன்."

முகமெல்லாம் மரத்தூளாக அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. என்னை அவ்வளவு துல்லியமாக அளந்து வைத்திருக்கிறாள் பாவி. இரண்டு மாதம் என்றால் இரண்டே மாதம்தான். அந்த அறுபது நாளும் நான் வருவேன் என்று வாசலைப் பார்த்தபடியே இருந்திருப்பாள். நானோ, அவளே வந்து மன்னிப்புக் கேட்கட்டும் என்று இதே பட்டறையில் உட்கார்ந்திருந்தேன்.