கொய்யா மரத்திலிருந்து விழுந்தவர்கள்

"என்ற தம்பிய அறுத்துப் பாருங்க."

நிரோஜா சொன்னதும் டாக்டர் தனப்பிரியாவின் பேனா நின்றது. பக்கத்துக் கட்டிலில் ஒரு கிழவருக்கு மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்த நர்ஸ் சௌந்திரம் திரும்பிப் பார்த்தார். அப்பா யோகராசா அவளுடைய முழங்கையைப் பிடித்தார். விரல்கள் அழுத்தின.

"என்னம்மா சொல்றே?" என்றாள் டாக்டர்.

"போஸ்ட்மார்ட்டம் பண்ணோணுமுங்க. எதுனால செத்தான்னு தெரியோணும்."

அகதி முகாமில் அந்த வார்த்தையை யாரும் சொல்ல மாட்டார்கள். தூக்கில் தொங்கியவனைக்கூட நெஞ்சுவலி என்று சொல்லி, பொழுது சாய்வதற்குள் எரித்துவிடுவார்கள். போஸ்ட்மார்ட்டம் என்றால் போலீஸ். போலீஸ் என்றால் எங்கே பிறந்தாய், எந்தப் படகில் வந்தாய், அந்த வருஷம் அங்கே என்ன செய்துகொண்டிருந்தாய் என்று எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். சோறு கேள், சீருடை கேள், ஸ்காலர்ஷிப் கேள், விசாரணை மட்டும் கேட்காதே என்று சொல்லித்தான் அவளை வளர்த்தார்கள்.

தம்பி மதுசன் சுவரோரக் கட்டிலில் கிடந்தான். கால் பெருவிரல்களைக் காயம் கட்டும் துணியால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். நகக்கண்களில் யாரோ ஒருவர் வீட்டு ஜன்னலின் பச்சை பெயிண்ட் இன்னும் இருந்தது. இருபது வயது.

"சின்ன வயசுல இருந்தே வலிப்புக்கு மாத்திரை சாப்பிட்டுட்டு இருந்திருக்கார்," என்றாள் டாக்டர். "நேத்து ஸ்கேன் எடுக்கறப்ப வலிப்பு வந்திருச்சு. ராத்திரி பூரா என்னென்னமோ பண்ணிப் பாத்தோம், திரும்பல. இதுல அறுத்துப் பாக்க என்ன இருக்குது? பாடிய உடனே குடுத்தர்றோம். ஊருக்குக் கொண்டுபோயி காரியத்தப் பாருங்க."

"ஆமாங்க," என்றார் அப்பா. "சின்னனில இருந்தே வலிப்புத்தானுங்க."

அப்பாவுக்கு நாமக்கல் பேச்சு ஒரு சட்டை மாதிரி. முகாம் வாசலைத் தாண்டும்போது போட்டுக்கொள்வார். பயந்தால் ஒரு பொத்தான் கழன்று உள்ளே இருக்கும் ஈழத்து வன்னிப் பேச்சு தெரியும். டாக்டர் அதைக் கவனிக்கவில்லை. நேற்றுச் சாயங்காலம் பார்த்த அதே உடுப்பில் இருந்தாள், கண்கள் உப்பியிருந்தன. ஆஸ்பத்திரிக்கு ஒரு பொய் தேவைப்பட்டது. அப்பாவிடம் ஒரு பொய் தயாராக இருந்தது. இரண்டும் கதவும் நிலையும் மாதிரிப் பொருந்திவிட்டன.

வன்னியில் போரின் கடைசி மாதங்களில், பதுங்குகுழிக்கு வெளியே கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்த அம்மாவின் பக்கத்தில் செல் குண்டு விழுந்தது. அம்மா அங்கேயே முடிந்துபோனாள். அவள் சீலையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஐந்து வயது மதுசனின் பிடரியில், மண்டையெலும்பு தொடங்கும் இடத்தில், ஒரு துண்டு போனது. புண் ஆறியது. துண்டு உள்ளேயே தங்கிவிட்டது. படகேறி வந்து இந்த முகாமில் சேர்ந்த அன்று அப்பா சொன்னார்: "ஆர் கேட்டாலும் கொய்யா மரத்தால விழுந்தவன்." காயத்தோடு வந்தவர்களையெல்லாம் புலிகள் இயக்கமோ என்று விசாரித்த காலம் அது. பிள்ளைக்குக் காயம் என்றால் தகப்பன் எங்கே நின்றான் என்று கேட்பார்கள்.

அப்பா மட்டுமில்லை. முகாமே அந்த மரத்தில் ஏறியது. தோளில் தழும்பு இருந்த கௌசி விழுந்தவள். முழங்கால் மடங்காத குகன் விழுந்தவன். ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டில் அப்போதெல்லாம் ஒரு கட்டிலுக்கு இரண்டு பிள்ளைகள் தலையும் காலுமாகப் படுத்திருப்பார்கள். மதுசனை வலிப்போடு தூக்கிக்கொண்டு வந்த முதல் தடவை, இதே சௌந்திரம் அவன் பிடரியைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஏனுங்க, உங்க முகாம்ல கொய்யாத் தோப்பே வெச்சிருக்கறீங்களா? பசங்கள மரத்துல ஏற உடாதீங்க சாமி."

அப்பாவும் சிரித்தார். முகாமில் கொய்யா மரமே கிடையாது.

எக்ஸ்ரே எடுக்கச் சொன்ன டாக்டர் ஒருவர் இருந்தார். அன்றைக்கு ஃபிலிம் இல்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்றார்கள். அடுத்த வாரம் அந்த டாக்டருக்கு மாற்றலாகிவிட்டது. அப்பா வலிப்பு மாத்திரையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார். மோகனூரில் இறங்கி, மதுசனுக்கும் நிரோஜாவுக்கும் கரும்புச் சாறு வாங்கிக் கொடுத்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை அதற்கு முன் அவள் பார்த்ததில்லை.

போன மாதம் அம்மாபேட்டையில் ஒரு வீட்டுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தபோது மதுசன் கையிலிருந்து பிரஷ் விழுந்தது. எடுத்தான். மறுபடி விழுந்தது. எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு எழுதினார்கள். வரிசை வருவதற்குள் கையில் டம்ளர்கூட நிற்காமல் போனது.

நிரோஜா பிஎஸ்சி ஃபிசிக்ஸ். அப்பா வழியிலும் அம்மா வழியிலும் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். படித்த ஃபிசிக்ஸுக்குக் கிடைத்தது கோழித்தீவனக் கம்பெனியில் பில் போடும் வேலை, அது வேறு எரிச்சல். ஆனால் காந்தம் என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். ஸ்கேனுக்கு முந்தின நாள் அப்பாவை உட்காரவைத்துச் சொன்னாள்.

"அப்பா, அது பெரிய காந்தம். உள்ளுக்க இரும்பு இருந்தா இழுக்கும். படுக்க வைக்கிறதுக்கு முதல் கேப்பினம். செல் துண்டு இருக்கெண்டு சொல்லிப்போடுங்கோ. வேற மாதிரி எடுப்பினம்."

"சொல்லுறன் பிள்ளை."

"அம்மா மேல சத்தியம் பண்ணுங்கோ."

பண்ணினார். அம்மாவின் படத்தைப் பார்த்து, கையை நீட்டிப் பண்ணினார். அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. நம்பி வேலைக்குப் போனாள். மத்தியானம் போன் வந்தது.

டாக்டர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தாள். நிரோஜா அப்பாவின் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டு வராந்தாவுக்கு வந்தாள். ஸ்கேன் அறையில் வேலை பார்க்கும் கதிர்வேல் தூணோரம் நின்றிருந்தான். அவளுக்காகத்தான் நின்றிருந்தான் போல.

"அக்கா, நான் கேட்டனுங்க. ரெண்டு தடவ கேட்டேன். பிளேட்டு, கம்பி, குண்டு எதாச்சும் உடம்புல இருக்குதான்னு. இல்லைன்னுட்டாங்க." அவன் குரலைத் தாழ்த்தினான். "தழும்பு இருக்குது, ஒரு எக்ஸ்ரே பாத்துட்டு ஏத்தலாம்னு சொன்னேன். எக்ஸ்ரே மிஷினு ரிப்பேராயி மாசமாகுது. வெளிய அத்தன கூட்டம். டாக்டரம்மா ஏத்துன்னுட்டாங்க. உள்ள போனதும் கழுத்து, கழுத்துன்னு கத்துனாருங்க. நான் சொன்னதா சொல்லீராதீங்க, எனக்கு ரெண்டு புள்ளைங்க."

அவன் போய்விட்டான். டாக்டருக்கும் தெரியும் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

அப்பா பின்னாலேயே வந்து குழாயடியில் நின்றார்.

"உள்ளுக்க இரும்பு இருக்கோ எண்டு கேட்டவையா?" என்றாள் நிரோஜா.

அப்பா குழாயைத் திருகினார். தண்ணீர் வரவில்லை.

"அப்பா. கேட்டவையா, இல்லையா?"

"கேட்டவை."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"பக்கத்தில காக்கி நிண்டவன் பிள்ளை. ஜெயில் ஆள் ஒருத்தனை விலங்கோட ஸ்கேனுக்குக் கொண்டுவந்திருந்தவை. அவன் என்னையே பாத்துக்கொண்டு நிண்டவன். சொல்லத்தான் போனனான். இல்லையெண்டு வாயில வந்திட்டுது. பதினைஞ்சு வருசமா சொன்ன வாய்."

"தம்பி முழிப்பாத்தானே இருந்தவன்?"

"ஓம்."

"அவன் ஒண்டும் சொல்லேல்லையா?"

"அவனட்டயும் கேட்டவை." அப்பா வறண்ட குழாயை மூடினார். "அவன் என்னைப் பாத்தவன்."

அப்பா காய்ந்த கையைச் சட்டையில் துடைத்தார்.

"பிறகு, இல்லைங்க எண்டவன்."

வராந்தாவில் யாரோ தூக்குப்பாத்திரத்தைக் கீழே போட்டார்கள். மூடி உருண்டு போய் நிற்கும்வரை இருவரும் அதையே பார்த்தார்கள்.

பிணவண்டி பேசக் கீழே நின்றிருந்த முகாம் தலைவர் குணசீலன் மாடிப்படியேறி மூச்சு வாங்க வந்தார். கெட்ட மனிதர் இல்லை. அவளுக்குக் கல்லூரியில் இடம் வாங்கக் கலெக்டர் ஆபீஸ் வாசலில் வெயிலில் நின்றவர். கௌசி அவருடைய மகள்.

"என்ன பிள்ளை, என்னவோ கேக்கிறாயாம். அப்பா போனில அழுதவர்."

"அழட்டும்."

"நீ படிச்ச பிள்ளை. இப்ப நீ வாயைத் திறந்தா, முகாமில தழும்பு இருக்கிற ஒவ்வொருத்தர்ர வாசலுக்கும் ஆள் வருவான். பொய் சொல்லித்தானே வந்தனீங்கள் எண்டுவான். ஒருத்தன் போயிட்டான். மிச்சத்தை வாழ விடு."

"கௌசிக்குத் தோளுக்குள்ள துண்டு இருக்குத்தானே மாமா?"

"அதுக்கென்ன இப்ப?"

"நாளைக்கு அவளுக்கும் ஒரு வருத்தம் வரும். இதே மிஷினுக்க படுக்க வைப்பினம். இதே கேள்வியைக் கேப்பினம். நீங்கள் வெளியில நிப்பீங்கள். என்ன சொல்லுவீங்கள்?"

குணசீலன் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார்.

"அப்பிடியெல்லாம் நடக்காது."

"நடந்து கிடக்கு, உள்ளுக்க. போய்ப் பாருங்கோ."

அவர் உள்ளே போகவில்லை.

டாக்டர் தனப்பிரியா வெளியே வந்தாள். நிரோஜாவைவிட நான்கைந்து வயது கூட இருக்கலாம். சுவரில் சாய்ந்துகொண்டு, நோயாளியிடம் பேசுவதுபோல் இல்லாமல் பேசினாள்.

"இங்க பாரும்மா. நீ கேட்டா மட்டும் பண்ண முடியாது. சாவுல சந்தேகம்னு போலீஸ்ல எழுதிக் குடுக்கோணும். கேட்டுக்குப் பக்கத்துல அவுட்போஸ்ட் இருக்குது. யாரு மேல சந்தேகம்னு கேப்பாங்க. எங்களச் சொல்லு, வேண்டாங்கல. நான் கான்ட்ராக்ட்ல இருக்கறேன், மொதல்ல என்னத்தான் தூக்குவாங்க. ஆனா அதுக்கும் முன்னால உங்கப்பாவக் கூப்புடுவாங்க. இரும்பு இல்லைன்னு சொன்னது அவருதான். ஏன் சொன்னேன்னு கேப்பாங்க. அதுக்கப்புறம் எங்க போயி நிக்கும்னு உனக்குத்தான் தெரியும்."

மிரட்டலா, இரக்கமா என்று தெரியவில்லை. இரண்டுமாகக்கூட இருக்கலாம்.

"உள்ள இரும்பு இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா மேடம்?"

டாக்டர் உள்ளே போனாள்.

சௌந்திரம் வெளியே வந்து நிரோஜாவின் தோளைத் தொட்டார். "சாமி, சொன்னாக் கேளு. தம்பி போயிட்டான். அப்பனையும் தொலச்சுப்போட்டு ஒத்தப் பொம்பளப் புள்ள என்ன பண்ணுவே?"

இந்த ஆஸ்பத்திரியில் அவளை 'சாமி' என்று கூப்பிடும் ஒரே ஆள் சௌந்திரம்தான். மதுசனுக்கு மாத்திரை தீர்ந்துபோனால் யாரிடமாவது கேட்டு வாங்கி வைத்திருப்பார். அவனுக்காக வீட்டிலிருந்து முறுக்குக் கொண்டுவந்திருக்கிறார். நிரோஜாவுக்கு அவரிடம் மட்டும் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

"அக்கா, எங்க முகாம்ல கொய்யா மரமே இல்லீங்க."

"தெரியும் கண்ணு."

நிரோஜா நிமிர்ந்து பார்த்தாள்.

"அன்னைக்கே தெரியும். கைய வெச்சாத் தட்டுப்படற எடத்துல இருந்துச்சு. அத்தன புள்ளைகளத் தொட்டுப் பாத்திருக்கறேன், எனக்குத் தெரியாதா? எழுதுனா போலீஸு வரும். உங்கப்பன் கையெடுத்துக் கும்புட்டுட்டு நின்னாரு. பாவம்னு உட்டுட்டேன்." சௌந்திரம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எல்லாருக்கும் தெரியும் சாமி. யாரு சொல்றது?"

நிரோஜா தோளிலிருந்து அந்தக் கையை எடுத்துவிட்டாள். மெதுவாகத்தான் எடுத்தாள். அப்பாவின் பயம், தலைவரின் கவலை, டாக்டரின் வேலை, இந்த அம்மாவின் இரக்கம். எல்லாரும் அவனிடம் அன்பாகத்தான் இருந்தார்கள். அவன் கழுத்துக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டே அன்பாக இருந்தார்கள்.

அவள் வார்டுக்குள் போனாள். அப்பா அதற்குள் கட்டிலருகே வந்து, துணியை மதுசனின் கழுத்துக்கு மேலே இழுத்துவிட்டு, தலையணைப் பக்கம் செருகிக்கொண்டிருந்தார். பிடரி தெரியாதபடி. யாரும் பார்க்காத நேரத்திலும் அதை மறைத்துக்கொண்டிருந்தார்.

அவள் துணியைத் தொடவில்லை. கட்டிலுக்கடியில் கிடந்த தன்னுடைய பையை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"எங்க போறாய்?"

அவள் தம்பியின் நகங்களைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"பிள்ளை, என்னைக் காட்டிக் குடுக்கப் போறியோ?"

வார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னார். இத்தனை வருஷத்தில் வெளியாட்கள் நடுவே அவர் சொந்தப் பேச்சைச் சத்தமாகப் பேசி அவள் கேட்டதில்லை. மாத்திரைக் கிழவர் திரும்பிப் படுத்தார். குணசீலன் வாசலை மறிப்பதுபோல் வந்து, அவள் முகத்தைப் பார்த்ததும் ஒதுங்கினார்.

நிரோஜா வார்டு வாசலில் குவிந்துகிடந்த செருப்புகளில் தன்னுடையதைத் தேடிப் போட்டுக்கொண்டாள். படியிறங்கினாள். கீழே வெயில் ஏறியிருந்தது. மருந்து வாங்கும் வரிசை சுவரைச் சுற்றி வளைந்து நின்றது. வரிசையைப் பிளந்துகொண்டு போனவளை ஒருத்தி திட்டினாள்.

போர்டிகோவில் பிணவண்டி எஞ்சின் ஓடியபடி நின்றது. பின்கதவு திறந்திருந்தது. டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"மோகனூருப் பார்ட்டிங்களா? சுருக்கா இறக்கச் சொல்லுங்கம்மா. எனக்கு அடுத்த டிரிப்பு இருக்குது."

"எஞ்சின ஆஃப் பண்ணீருங்கண்ணா."

"ஏனுங்க, எவ்வளவு நேரமாகும்?"

அவள் அதற்குள் கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த அவுட்போஸ்ட்டை நோக்கிப் பாதி தூரம் போயிருந்தாள்.

டிரைவர் சற்று நேரம் அந்தப் பக்கமே பார்த்தார். பிறகு சாவியைத் திருகி எஞ்சினை அணைத்தார். இறங்கி வந்து பின்கதவைச் சாத்தினார்.