கரவனில் ஏற்றிய கொடி

கரவனின் கதவு என் உயரத்துக்குச் செய்யப்பட்டதல்ல. அன்று காலை டென்மார்க்கின் ஹேர்னிங்கில் எங்கள் வீட்டு வாசலில் அதற்குள் ஏறியபோது நெற்றியை நன்றாக இடித்துக்கொண்டேன். ஹோல்கர் ஓடிவந்து தொட்டுப் பார்த்தார். ஒன்றுமில்லை என்று நிமிர்ந்து நின்றேன். கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்திருந்தேன். அவருடைய மனைவி இங்கா என்னை மேலும் கீழும் பார்த்து டெனிஷில் ஏதோ கேட்டார். மகன் சிவபாலன் அதை மொழிபெயர்க்கவில்லை. கடற்கரைக்குப் போகிறவர் இப்படியா உடுப்பது என்றுதான் கேட்டிருப்பார்.

ஹோல்கர், சிவபாலன் வேலை செய்த நெசவுத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். விடுமுறையில் தன் கரவனைக் காரின் பின்னால் பூட்டி எங்களை ஒருநாள் கரையோரமாகக் கூட்டிப்போக வேண்டும் என்பது அவருடைய ஆசை. முந்திய கோடையிலும் கேட்டார். நான் மறுத்துவிட்டேன். யாழ்ப்பாணத்தில் தபால் அதிபராக இருந்து ஓய்வுபெற்றவன், சக்கரம் பூட்டிய வீட்டில் ஊர் சுற்றுவதா என்றிருந்தது. எண்பத்தாறாம் ஆண்டு யூலையில் நானாகவே மகனிடம் சொல்லி அந்தக் கரவனைக் கேட்பித்தேன். காரணம் என் மகள் தங்கமலர்.

தாயில்லாப் பிள்ளை. ஊரில் இருந்தபோது இரண்டு முறை பெண் பார்க்க வந்தார்கள். எங்கள் பகுதியில் மாப்பிள்ளை வீட்டார், சம்மதம் என்றால்தான் பெண் வீட்டில் கை நனைப்பார்கள். மனம் இல்லையென்றால் ஒரு வாய் தேத்தண்ணீரும் குடிக்காமல் எழுந்து போய்விடுவார்கள். வாயால் எதுவும் சொல்லத் தேவையில்லை. இரண்டு முறையும் ஆறிப்போன தேத்தண்ணீரைத் தங்கமலர்தான் தட்டோடு குசினிக்குத் திருப்பி எடுத்துப் போனாள். இரண்டாம் முறை அவளுடைய முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, இனி என் வீட்டுக்கு வந்து ஒருவரும் இவளைப் பார்க்கக்கூடாது என்று முடிவெடுத்தேன். கோயிலில் வைத்துத் தற்செயலாகச் சந்திப்பதுபோல் பார்க்கட்டும். பிடிக்காவிட்டால் ஒன்றும் நடக்கவில்லை. அவளை யாரும் பார்க்கவுமில்லை, வேண்டாம் என்று சொல்லவுமில்லை.

டென்மார்க்கில் அப்போது எங்களுக்குக் கோயில் ஏது? ஓல்போர்க்கிலிருந்த தவராஜாவின் சம்பந்தத்தை நடுவில் நின்று பேசிய நவரத்தினத்திடம், கடற்கரையில் சந்திப்போம் என்று சொல்லியனுப்பினேன். கோடையில் எல்லோரும் கடற்கரைக்குத்தானே போகிறார்கள். தவராஜாவும், அவனை வளர்த்த அக்கா விமலராணியும் புளொக்கூஸ் கரைக்கு வருவார்கள். நாங்களும் அங்கே இருப்போம். அவ்வளவுதான்.

மேற்குக் கரையைப் பிடித்து வடக்கே போனோம். ஒரு பக்கம் வயல்கள், மறுபக்கம் புல் முளைத்த மணற்குன்றுகள். குன்றுகளுக்கு இடையில் கடல் தெரிவதும் மறைவதுமாக இருந்தது. உலக யுத்தத்தில் ஜெர்மன்காரர் கட்டிய சீமெந்துக் காவலறைகள் மணலில் சரிந்து கிடந்தன. பிள்ளைகள் அவற்றின் மேல் ஏறிக் குதித்தார்கள். ஒரு கடல்வாயை, வாகனங்களை ஏற்றிச் செல்லும் சிறிய படகில் கடந்தோம். குளிர்காற்றில் தங்கமலர் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்தியதைக் கண்டு, இங்கா தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி அவள் தோளில் போட்டுவிட்டுத் தான் கை தெரியும் மெல்லிய சட்டையோடு நின்றார். நான் வேண்டாம் என்று கையசைத்தேன். அவர் என்னைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. பெற்ற தாய் நின்றிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாள் என்று அப்போது நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

புளொக்கூஸில் கார்கள் கடலோரத்து இறுகிய மணலிலேயே ஓடுகின்றன. ஹோல்கர் கரவனைத் தண்ணீருக்குக் கிட்ட நிறுத்தினார். மனம் ஓரிடத்தில் நிற்காததால் நான் மகனோடு கரை நெடுகச் சிறிது தூரம் நடந்துவிட்டுத் திரும்பினேன். தூரத்திலிருந்தே அது தெரிந்தது. கரவனின் முன்பக்கத்தில் ஒரு கம்பத்தை நட்டு, வெள்ளைச் சிலுவை போட்ட சிவப்புக் கொடியை ஏற்றியிருந்தார் ஹோல்கர். வெளியே மடக்கு மேசை. அதில் வெண்ணெய் பூசிய பணிஸ்கள், பூப்போட்ட நல்ல கோப்பைகள், ஒவ்வொரு கோப்பைக்குப் பக்கத்திலும் ஒரு கடதாசிக் கொடி. பிறந்தநாளோ கலியாணமோ, வீட்டில் நல்லது நடந்தால் இந்த நாட்டவர் கொடி ஏற்றுவார்கள். அந்தக் கரை முழுவதிலும் வேறு கொடி இல்லை.

“இவருக்கு என்ன சொன்னனீ?” என்று மகனைக் கேட்டேன்.

“ஏன் புளொக்கூஸ் எண்டு கேட்டார். தங்கச்சிக்கு இண்டைக்கு நல்ல நாளாயிருக்கும் எண்டு சொன்னன். அவருக்குப் பொய் சொல்ல எனக்கு வரேல்லை அப்பா.”

தற்செயலாம். நான் போட்ட திட்டமெல்லாம் கம்பத்தில் ஏறிப் படபடத்துக்கொண்டிருந்தது. வேகமாகப் போய்க் கொடிக் கயிற்றைப் பிடித்தேன். ஹோல்கர் நான் அழகு பார்க்க வந்தேன் என்று நினைத்துச் சிரித்தார்.

“கழட்டாதையுங்கோ அப்பா.” தங்கமலர் எனக்குப் பின்னால் நின்றாள்.

“அவை இப்ப வந்திடுவினம், பிள்ளை. பிறகு வேண்டாமெண்டு போனால் ஊருக்கே தெரிஞ்சதாப் போயிடும்.”

“போனால் போகட்டும். என்ரை நாளை நல்ல நாளெண்டு நினைச்சு ஒருத்தர் கொடி கட்டியிருக்கிறார். அதை ஏன் ஒளிப்பான்?”

அவள் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. இங்காவின் கம்பளிச் சட்டை அவளுக்குப் பெரிதாக இருந்தது. கைகள் அதற்குள் மறைந்திருந்தன. முகத்தைப் பார்த்தேன். கயிற்றை விட்டேன்.

சிறிது நேரத்தில் ஒரு பழைய கார் மணலில் வந்து நின்றது. விமலராணி இறங்கினாள். நாற்பதை நெருங்கும் வயது, சிரிக்காத முகம். நவரத்தினம் சொல்லிக் கொடுத்தபடியே, “அட, நீங்களும் இஞ்சையோ வந்தனீங்கள்?” என்றாள். சொல்லி முடிக்கும்போதே கண் மேலே போனது. பிறகு மேசைக்கு வந்தது. கடதாசிக் கொடிகள் ஒவ்வொன்றையும் பார்த்தது.

“என்ன விசேஷம் ஐயா?”

ஹோல்கருக்குப் பிறந்தநாள் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. மகள் கேட்டுக்கொண்டு நின்றாள்.

“நீங்கள் வாறதுதான் பிள்ளை விசேஷம்,” என்றேன். “இந்த மனிசனுக்கு ஒளிக்கத் தெரியாது.”

விமலராணிக்குப் பின்னால் நின்ற நெடிய பொடியன் தவராஜாதான் வாயைத் திறந்தான். “வழி முழுக்க அக்கா எனக்குத் தற்செயலா நடிக்கப் பழக்கினவ, ஐயா. கொடியைக் கண்டவுடனை எனக்குப் பாடம் மறந்து போச்சு.”

“நீ வாயை மூடடா,” என்றாள் அக்கா. தங்கமலர் குனிந்துகொண்டாள். அவளுடைய தோள்கள் குலுங்கின. அவள் சிரிக்கிறாள் என்பது எனக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது.

அந்தச் சமயத்தில் மழை வந்தது. அந்தக் கரையில் மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. இங்கா கோப்பைகளையும் ஹோல்கர் பணிஸ்களையும் அள்ளிக்கொண்டு உள்ளே ஓட, எல்லோரும் பின்னால் ஏறினோம். “குனிஞ்சு வாங்கோ,” என்று தங்கமலர் உள்ளிருந்து சொல்வதற்குள் தவராஜா நெற்றியை இடித்துக்கொண்டான். அவள் அவனிடம் சொன்ன முதல் வார்த்தை அதுதான். நான் இடித்த அதே இடம்.

கரவனுக்குள் முழங்காலோடு முழங்கால் முட்ட உட்கார்ந்தோம். மழை தகரக் கூரையில் கொட்டியது. இங்கா எல்லோருக்கும் கோப்பி ஊற்றினார். ஹோல்கர் குடித்தார், சிவபாலன் குடித்தான். தவராஜாவுக்கும் அக்காவுக்கும் வைத்த இரண்டு கோப்பைகள் தொடப்படாமல் இருந்தன. கோப்பி கசக்கும் என்று தயங்குகிறார்கள் என இங்கா எண்ணியிருக்க வேண்டும். சீனிக் கட்டிகளைத் தானே போட்டுக் கலக்கினார், பாலைத் தள்ளி வைத்தார். எங்கள் வழக்கத்தை விளக்குவதற்குச் சிவபாலன் வாயெடுத்தான். கண்ணால் தடுத்தேன். சொன்னால் அது வற்புறுத்துவதாகிவிடும்.

எனக்கு ஒழுங்காகத் தெரிந்த டெனிஷ் வார்த்தை ஒன்றுதான். ஹோல்கரைப் பார்த்து, “தக்,” என்றேன். எதற்கு நன்றி என்பதுபோல் அவர் புருவத்தை உயர்த்தினார். யன்னலுக்கு வெளியே கொடியைக் காட்டினேன். உறவென்று சொல்ல ஆளில்லாத கரையில் என் பிள்ளையின் நாளைக் கொண்டாடியவர் அவர். அதற்குமேல் சொல்ல என்னிடம் பாஷை இருக்கவில்லை. இருந்திருந்தாலும் சொல்லியிருப்பேனோ தெரியாது. அவர் தலையாட்டினார்.

விமலராணி என் மகளிடம் மெல்லப் பேசத் தொடங்கினாள். எங்கே வேலை, தையல் மெசினில் முதுகு நோகாதா, குளிர்காலத்தில் சைக்கிளிலா போவது. தங்கமலர் ஒவ்வொன்றுக்கும் நிமிர்ந்து பதில் சொன்னாள். தான் மீன் தொழிற்சாலையில் நிற்பதாகவும் எந்நேரமும் ஐஸ் தண்ணீர் என்றும் சொல்லி, விமலராணி வெடித்த விரல்களை விரித்துக் காட்டினாள். பிறகு அந்த விரல்களால் கோப்பையைச் சுற்றிப் பிடித்தாள். சூட்டுக்காகவும் இருக்கலாம்.

நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. மழையில் நனைந்து கனத்த கொடி கம்பத்தோடு ஒட்டுவதும், காற்று வரும்போது உதறிக்கொண்டு விரிவதுமாக இருந்தது. அதைப் பார்த்தபடி, எனக்குப் பின்னால் பீங்கான் தட்டிலிருந்து ஒரு கோப்பை எழும்பும் சத்தத்துக்காகக் காது கொடுத்துக்கொண்டிருந்தேன்.