டிஸ்க்குக்குத் தைலம்

எங்கள் எதிர்வீட்டு முன்னறையில், ஜன்னலோரமாக, இரண்டு மலைச் சைக்கிள்கள் நிற்கும். ஒன்று ஓடுவது, இன்னொன்று சட்டை காய்வது. ஓடுவது மருமகளுடையது. அவள் பல் டாக்டர். சட்டை காய்வது அவள் கணவருடையது. கடையிலிருந்து வேனில் ஏற்றி வந்து இறக்கிய பிறகு அதன் சக்கரம் தெருவைப் பார்த்ததில்லை. "வர்ற திங்கட்கிழமையிலேருந்து நானும் ஓட்டப்போறேன்" என்று அவர் சொல்லாத வாரம் கிடையாது. அதனால் தெருவில் அவருக்குத் திங்கட்கிழமை என்றே பெயர். அவருக்கும் இது தெரியும், கோபப்படுவதில்லை. கோபப்படுவதையும் திங்கட்கிழமைக்குத் தள்ளி வைத்திருப்பாரோ என்னவோ.

மூன்றாவது ஆள் திங்கட்கிழமையின் அம்மா. துணி தைப்பவர். அவருடைய தையல் மிஷின் சமையலறையை ஒட்டிய இருட்டு அறையில் கிடந்தது. ஜன்னல் வெளிச்சத்தைச் சைக்கிள்கள் வாங்கிக்கொண்டிருந்தன.

"கறுப்புத் துணிக்குக் கறுப்பு நூல் போட்டு இருட்டுல தைக்கிறேன். சைக்கிளுக்குக் கண்ணா இருக்கு, அதுக்கு எதுக்கு வெளிச்சம்?" என்று அவர் கேட்பதில் நியாயம் இருந்தது.

போன வருஷம் மருமகள் மலைப்பாதை ரேஸுக்குப் போய், பாதியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பியதும் மாமியார் ஒரு முடிவு சொன்னார். "அடுத்த வருஷமும் பாதியில வந்தீன்னா சைக்கிள் உள்ரூமுக்கு, மிஷின் ஜன்னலுக்கு."

"சரி அத்தை. முடிச்சிட்டு வந்தா?"

"வந்தா நான் வாயைத் திறக்கல."

"வாயைத் திறங்கன்னு சொல்றதுதான் அத்தை என் பொழப்பே."

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவர்கள் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் பேசுகிறார்கள். என் பால்கனிச் செடிகளுக்கும் அடிக்கடி தண்ணீர் தேவைப்படுகிறது.

போன வருஷம் தோற்றதற்குக் காரணம் திங்கட்கிழமைதான். உதவுகிறேன் என்று டயர் இரண்டிலும் கல்லு மாதிரி காற்றடித்துக் கொடுத்தார். மழை பெய்த பாதை. கெட்டியான டயர் மரவேரில் ஏறியதும் வழுக்கி, அவள் ஒரு பக்கம், சைக்கிள் ஒரு பக்கம். விழுந்த வேகத்தில் செயினும் அறுந்தது. மாற்றுக் கண்ணி கையில் இல்லை. இந்த வருஷம் அவள் யாரையும் பம்பைத் தொட விடவில்லை. ஈரப் பாதைக்குக் காற்று குறைவாக இருந்தால்தான் டயர் மண்ணைக் கவ்வும் என்று காற்றழுத்த மானியை வைத்து அளந்தாள். ஒரு டியூப், ஒரு செயின் கண்ணி, மடக்குச் சாவி எல்லாம் சீட்டுக்கு அடியில் ஒரு சின்னப் பைக்குள் போயின. பல் இடுக்குக்கு என்று கிளினிக்கில் கொடுக்கிற குட்டி பிரஷ்ஷால் செயினைக் கண்ணி கண்ணியாகத் தேய்த்தாள். பார்க்கிற எனக்கே வாய் கூசியது.

அவளிடம் ஒரு சட்டம் இருந்தது. ரேஸ் அன்றைக்குப் புதிதாக எதுவும் கூடாது. ஷூ, கையுறை, சாப்பாடு எதுவானாலும் முன்பே பழகியிருக்க வேண்டும். "புதுச் செருப்பைப் போட்டுக்கிட்டு யாராவது பஸ் பிடிக்க ஓடுவாங்களா?" என்பாள்.

ரேஸ் ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தோழியிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். "எல்லாம் ரெடி. இந்த டிஸ்க்தான்... கொஞ்ச நாளா ஒரே சத்தம். நாளைக்கு கிளினிக் முடிஞ்சு வந்து பாக்கணும்."

இது மாமியார் காதில் விழுந்தது. டிஸ்க் என்றால் அவருக்கு நன்றாகத் தெரியும். குனிந்து குனிந்து தைத்து அவர் முதுகில் டிஸ்க் நகர்ந்து வெகுகாலம் ஆகிறது. அதற்கு அவர் ஒரு தைலம் தேய்க்கிறார். மூடியைத் திறந்தால் எங்கள் வீட்டுப் பூனை எழுந்து அடுத்த தெருவுக்குப் போய்விடும்.

சனிக்கிழமை காலை மருமகள் கிளினிக்குக்குக் கிளம்பியதும் அவர் தைலப் பாட்டிலோடு முன்னறைக்கு வந்தார்.

"டேய், இவ சைக்கிள்ல டிஸ்க் எதுடா?"

திங்கட்கிழமை போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சக்கரத்துக்கு நடுவுல, வட்டமா, ஓட்டை ஓட்டையா இருக்கும்மா."

"ரெண்டு இருக்கே."

"ரெண்டும் டிஸ்க்தான்."

அவர் முட்டி போட்டு உட்கார்ந்து, பார்ப்பவரைத் தன் முதுகுக்கும் யாராவது அப்படித் தேய்த்துவிட மாட்டார்களா என்று ஏங்க வைக்கும் அளவுக்கு, இரண்டு டிஸ்க்கையும் நிதானமாக நீவிவிட்டார். பிறகு சக்கரத்தைத் தூக்கிச் சுற்றி, பிரேக்கையும் பிடித்துப் பார்த்தார். சத்தமே இல்லை. முகத்தில் அப்படி ஒரு பெருமை.

மத்தியானம் மருமகள் வந்தாள். கடைசியாக ஒரு சுற்று பார்த்துவிடலாம் என்று ஏறி, தெருமுனை வரை போய், வேகமாகத் திரும்பி, வீட்டு வாசலில் பிரேக்கைப் பிடித்தாள். சைக்கிள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. வீட்டைத் தாண்டி, பக்கத்து வீட்டுச் செடிவேலிக்குள் போய் நின்றது. எழுந்தவள் தலையில் இரண்டு இலை. அடி ஒன்றும் இல்லை. சைக்கிளை முகர்ந்து பார்த்தாள்.

"அத்தை... சைக்கிளுக்கு முதுகு வலியா?"

"நீதானம்மா போன்ல சொன்னே, டிஸ்க்ல சத்தம்னு. எனக்கு இந்தத் தைலம்தானே கேக்குது. இப்ப சத்தம் நின்னுடுச்சு பாரு."

"சத்தமும் நின்னுடுச்சு, பிரேக்கும் நின்னுடுச்சு." அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "டிஸ்க்ல விரல் படக்கூடாதுன்னு நான் துணி போட்டுப் பிடிப்பேன் அத்தை. வட்டத்தைத் துடைச்சிடலாம். அதைக் கவ்விப் பிடிக்குதே பிரேக் பேட், அது எண்ணெயைக் குடிச்சிடும். அப்புறம் தூக்கிப் போட வேண்டியதுதான்."

சைக்கிள் கடைக்காரருக்கு போன் போட்டாள். அவர் கடையைப் பூட்டிக்கொண்டு ரேஸ் நடக்கிற மலைக்கே போய்விட்டாராம். பேட் இருக்கிறது, நாளைக்கு அங்கே வந்து வாங்கிக்கொள்ளலாம் என்றார். நாளைக்கு வாங்கினால் புதுச் செருப்புக் கதைதான். புது பேட் பழகாமல் பிடிக்காது.

ஜன்னலுக்காகவே மாமியார் செய்திருப்பாரோ என்று எனக்கு ஒரு நிமிஷம் தோன்றியது. தோன்றாவிட்டால் நான் நானா? ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் அந்த நினைப்பை உதறிவிட்டேன்.

"எனக்கு ஜன்னல் இப்படி வேணாம்மா" என்றார். கொஞ்ச நேரம் முன்னறையையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஒரு மிஷின்ல பாபின் போச்சுன்னா பக்கத்து மிஷின்ல இருந்து கழட்டிப் போடுவோம். இவன் சைக்கிள்லயும் டிஸ்க் இருக்கே. அதுக்கு பேட் கிடையாதா?"

மருமகள் எழுந்தாள். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாடல். ஜோடியாக ஓட்டலாம் என்று வாங்கியது.

"என் சைக்கிளா? திங்கட்கிழமை நான்..." என்று ஆரம்பித்தவர், இரண்டு பெண்களும் திரும்பிப் பார்த்ததும் ஹேண்டில் மேலிருந்த சட்டைகளை எடுக்கத் தொடங்கினார்.

அதன் பிறகு அந்த வாசல் ஆபரேஷன் தியேட்டராகிவிட்டது. கிளினிக்கிலிருந்து ஸ்பிரிட் வந்தது. மாமியார் பஞ்சு போன்ற வெள்ளை வெட்டுத்துணிகளைக் கொண்டுவந்தார். ஒரு துணியால் ஒருமுறைதான் துடைக்க வேண்டும், அழுக்குத் துணியால் திரும்பத் துடைத்தால் எண்ணெயைப் பூசுகிற மாதிரி ஆகிவிடும் என்றாள் டாக்டர். போதுமா என்று முடிவு செய்தது மாமியாரின் மூக்கு.

"இன்னும் அடிக்குது."

"இப்ப?"

"லேசா."

"இப்ப அத்தை?"

"உன் கிளினிக் மாதிரி இருக்கு. போதும்."

பழைய பேட் குப்பைக்குப் போனது, திங்கட்கிழமையின் பேட் உள்ளே போனது. இனி அதைப் பழக்க வேண்டும். வேகமாக வந்து, பிரேக்கைப் பிடித்து, முழுக்க நிற்கும் முன்பே விட்டுவிட்டு மறுபடி வேகமெடுக்க வேண்டும். பலமுறை இப்படிச் செய்தால்தான் பேடும் டிஸ்க்கும் ஒன்றையொன்று ஏற்றுக்கொள்ளுமாம். மாமியார் மருமகள் விஷயத்திலும் இதே முறைதான் என்று நான் பால்கனியிலிருந்து சொன்னேன். இருவருமே சிரித்தார்கள். தெருவே வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தது. முதலில் வழுக்கிய சைக்கிள், போகப்போக இழுத்துப் பிடித்த கன்றுக்குட்டி மாதிரி நிற்கத் தொடங்கியது.

ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். காரில் ஒரு இடம் காலியாக இருந்தது, வீணாக்கலாமா? போன வருஷம் அவள் விழுந்த இறக்கத்தின் கீழே போய் நின்றோம். முந்தின ராத்திரி மழை வேறு. ஆட்கள் ஒவ்வொருவராகச் சறுக்கி வந்தார்கள், சிலர் சைக்கிள் இல்லாமலும் வந்தார்கள். கடைசியில் மேலே கீச்சென்று ஒரு சத்தம்.

மாமியார் என் கையைப் பிடித்தார். "ஐயோ, சத்தம் திரும்ப வந்துடுச்சே."

"ஈரத்துல அப்படித்தான்மா கத்தும். கத்துதுன்னா பிடிக்குதுன்னு அர்த்தம்" என்றார் திங்கட்கிழமை. இவருக்கு எப்போது இவ்வளவு தெரிந்தது என்று நான் அவரைப் பார்த்தேன்.

உடம்பைப் பின்னால் தள்ளி, வேர்களுக்கு மேல் மெத்து மெத்தென்று இறங்கி, எங்களைத் தாண்டிப் போனாள். உடம்பெல்லாம் சேறு. பல்லை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. அத்தனையும் வெளியே தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

முடிவுக் கோட்டில் அவளுக்கு எத்தனையாவது இடம் என்று கேட்டால், பின்னாலிருந்து எண்ணுவது சுலபம். ஆனால் முடித்தாள். மாமியார் சேற்றோடு அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

வாயைத் திறக்கமாட்டேன் என்ற வாக்கு கார் கிளம்பும்வரை தாங்கியது.

"ஓடுற சைக்கிள் ஜன்னல்லயே இருக்கட்டும். ஓடாத சைக்கிளுக்கு எதுக்கும்மா அந்த இடம்?"

"அதானே, எதுக்கு அத்தை?" என்றாள் மருமகள். முன்சீட்டில் திங்கட்கிழமை வெளியே மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

சாயங்காலமே மிஷின் ஜன்னலுக்கு வந்தது. சட்டைச் சைக்கிள் உள்ரூமுக்குப் போனது. அந்த இருட்டில் சட்டை காயாது. மலையிலேயே கடைக்காரரிடம் வாங்கிய புது பேடை டாக்டர் அதில் மாட்டியும் வைத்துவிட்டாள். திங்கட்கிழமைக்குச் சாக்கு என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

மறுநாள் காலை நான் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது, திங்கட்கிழமை தெருவில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தார். தெருமுனை வரை போவதும், வேகமாக வந்து பிரேக் பிடிப்பதுமாக. ஜன்னலில் நல்ல வெளிச்சத்தில் கறுப்புத் துணி தைத்துக்கொண்டிருந்த அம்மா தலை நிமிராமல் சொன்னார்.

"முழுசா நிறுத்தாதடா. பழகட்டும். டிஸ்க்ல மட்டும் கையை வைக்காதே."

தெருவில் அவருக்கு வேறு பெயர் தேட வேண்டும். எதற்கும் செவ்வாய்க்கிழமை வரை பொறுத்துப் பார்க்கலாம் என்றிருக்கிறோம்.